செம்பாசி வெளுக்கிறது: வெளிச்சம் அதிகமா, பசியா?

உப்புத்தண்ணி:

எல்லோருக்கும் வணக்கம். பவளம் எதுவும் இல்லாமல், சிவப்புக் கடற்பாசிகளான செம்பாசிகளுக்காகவே ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். 180 லிட்டர். பாறையையும் மணலையும் கழித்தால் தண்ணீர் ஏறக்குறைய 160 லிட்டர் இருக்கும். மீன் என்று பார்த்தால் ஒரு ஜோடி க்ளவுன் மட்டும்தான். ட்ரோக்கஸ் நத்தைகள் சில இருக்கின்றன.

உள்ளே மூன்று வகைப் பாசி. பின்பக்கம் கிராசிலேரியா ஒரு பெரிய கொத்து. நடுப்பாறையின் உச்சியில் ஹாலிமீனியா, அகலமான இலை, ஓரமெல்லாம் சுருள்சுருளாக இருக்கும். பாறையின் நிழலில் போட்ரியோக்ளாடியா, அந்தச் சிவப்புத் திராட்சை.

வாங்கி வந்தபோது கிராசிலேரியா நல்ல ஒயின் சிவப்பு. இப்போது வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஹாலிமீனியாவின் இலையில் ஓட்டை விழுகிறது, ஓரம் கரைந்துபோகிறது. திராட்சை மட்டும் அப்படியே பளபளவென்று சிவப்பாக நிற்கிறது. ஒரே தண்ணீர், ஒரே விளக்கு, பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் புரியவில்லை.

அளவுகள்: உப்படர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரி, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8 டிகேஎச், கால்சியம் 420. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0.01. கழிவை நுரையோடு இழுக்கும் ஸ்கிம்மர் ஓடுகிறது, பாஸ்பேட்டைப் பிடிக்கும் ஜிஎஃப்ஓ ரியாக்டரும் ஓடுகிறது. விளக்கு தினமும் 11 மணி நேரம். பவளத் தொட்டிக்கான நீல எல்இடிதான், வெள்ளையும் கொஞ்சம் கலந்து வைத்திருக்கிறேன்.

வெளிச்சத்தைக் குறைக்க வேண்டுமா, வேறு எதையாவது மாற்ற வேண்டுமா? இந்தக் கொத்துகளை விட்டுவிட மனசில்லை.

---

பவளக்காரர்:

11 மணி நேரம் ரொம்ப அதிகம். செம்பாசி பெரும்பாலும் ஆழத்திலும் நிழலிலும் வளர்கிற சாதி. 8 மணி நேரமாகக் குறையுங்கள், விளக்கின் பலத்தையும் பாதியாக்குங்கள். உச்சியில் இருக்கும் ஹாலிமீனியா கரைகிறது, நிழலில் இருக்கும் திராட்சை நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

நைட்ரேட் 0, பாஸ்பேட் 0.01 என்பது நல்ல அளவு. அதைத் தொடாதீர்கள், தொட்டால் ஹேர் ஆல்கே என்கிற முடிப்பாசி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

---

கடலடித்தோட்டம்:

பவளக்காரர் வெளிச்ச நேரத்தைப் பற்றிச் சொன்னது சரி, 11 மணி நேரம் தேவையில்லை. ஆனால் நைட்ரேட்டைத் தொடாதீர்கள் என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தத் தொட்டியில் பாசி பட்டினி கிடக்கிறது. பல வருடமாகச் செம்பாசி மட்டுமே வளர்க்கிறவள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். செம்பாசியிலும் பச்சையம் இருக்கிறது. அதை மறைக்கிற அளவுக்கு ஃபைகோஎரித்ரின் என்ற நிறமி இருப்பதால்தான் நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது. பச்சையம் சரியாகப் பிடிக்காத நீலப்பச்சை, பச்சை ஒளியை இது பிடித்துக்கொள்ளும். 495 நானோமீட்டரில் தொடங்கி 565 வரைக்கும் இதன் வேலைதான். இந்த நிறமி ஒரு புரதம். புரதம் என்றாலே நைட்ரஜன். தண்ணீரில் நைட்ரஜன் கிடைக்காதபோது பாசி தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் ஃபைகோஎரித்ரினை உடைத்து, அதிலிருக்கும் நைட்ரஜனை எடுத்துத்தான் பிழைக்கும். சிவப்பு போனபின் மிஞ்சுவது பச்சையமும் மஞ்சள் நிறமிகளும். உங்கள் கிராசிலேரியாவின் வைக்கோல் நிறம் அதுதான்.

அப்படியானால் திராட்சைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? நிழல் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய காரணம், போட்ரியோக்ளாடியா மெதுவாக வளர்கிற பாசி. அதன் செலவு கொஞ்சம், கையிருப்பு நாளாக நாளாகத்தான் கரையும். கிராசிலேரியா வேகமாக வளர்வது, அதனால் பஞ்சம் வந்தால் முதலில் அடிபடுவதும் அதுதான். உங்கள் தொட்டியில் மூன்று பாசியும் எந்த வரிசையில் கெட்டிருக்கின்றன என்று பாருங்கள். வளர்கிற வேகத்தின் வரிசையும் அதுவேதான்.

வெளிச்சத்தால் வெளுப்பது, பசியால் வெளுப்பது, உண்மையிலேயே சாவது என்ற மூன்றையும் கண்ணாலேயே பிரித்துவிடலாம். ஒரு கிளையை வெளியே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விளக்கைப் பார்த்த பக்கம் மட்டும் வெளுத்து, அடிப்பக்கமும் கொத்தின் உள்பக்கமும் சிவப்பாகவே இருந்தால் அது வெளிச்சம். கொத்து முழுக்க, உள்ளும் புறமும் ஒரே சீராக மங்கியிருந்து, கிளையை வளைத்தால் இன்னும் விறைப்பாக டக்கென்று ஒடிந்தால் அது பசி. நிறம் போனாலும் உயிர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், தீனி கிடைத்தால் திரும்பிவிடும். சாகிற திசு வேறு மாதிரி இருக்கும். முதலில் ஒரு இடத்தில் மட்டும் ஆரஞ்சு அல்லது ரோஸ் நிறத்தில் கண்ணாடி போலத் தெரியும், விரலால் தொட்டால் வழுக்கும், கொஞ்சம் அழுத்தினால் கூழாகும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வெள்ளைக் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர் விட்டுப் போட்டு வையுங்கள். ஃபைகோஎரித்ரின் தண்ணீரில் கரையக்கூடியது, செல் உடைந்திருந்தால் கிண்ணத்துத் தண்ணீர் மெல்ல ரோஸ் நிறமாகும். உயிருள்ள துண்டு அப்படிச் சாயம் விடாது.

இரண்டாவது, இந்தப் பூஜ்யத்தின் மேல் உள்ள மோகம். பவளத் தொட்டிக்காரர்கள் நைட்ரேட்டைக் கழிவு என்று பார்த்துப் பழகிவிட்டார்கள். பாசித் தொட்டியில் அது தீனி. உங்களிடம் இருப்பது ஒரு ஜோடி க்ளவுன். அவை தின்று போடுவதை ஸ்கிம்மர் ஒரு பக்கம் இழுக்கிறது, ஜிஎஃப்ஓ ஒரு பக்கம் இழுக்கிறது, பாறையில் இருக்கும் பாக்டீரியா ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில்தான் மூன்று பாசி வாழ வேண்டும். கீரைப் பாத்தியில் களை வரும் என்று பயந்து உரமே போடாமல் இருந்தால் கீரையும் வராது, இல்லையா?

எவ்வளவு வேண்டும் என்பதற்கு நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் 106க்கு 16க்கு 1 என்று இருக்கும் என்பது ரெட்ஃபீல்டு விகிதம், நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். அட்கின்சனும் ஸ்மித்தும் 1983இல் தரையோடு ஒட்டி வளரும் கடற்பாசிகளையும் கடற்புற்களையும் அலசிப் பார்த்தபோது, நடு அளவு 550க்கு 30க்கு 1 என்று வந்தது. அதாவது பாஸ்பரஸ் ஒன்றுக்கு நைட்ரஜன் 30. இதை நாம் டெஸ்ட் கிட்டில் பார்க்கிற எடைக்கு மாற்றினால், பாஸ்பேட் ஒரு பங்கு குறைய நைட்ரேட் ஏறக்குறைய 20 பங்கு குறைகிறது. அதனால்தான் பாசித் தொட்டியில் நைட்ரேட் எப்போதும் முதலில் தீர்ந்துபோகும். நான் நைட்ரேட்டை 5க்கும் 15க்கும் நடுவில் வைத்திருப்பேன், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை. இரண்டில் ஒன்றுகூடப் பூஜ்யத்தைத் தொடக் கூடாது.

ஹேர் ஆல்கே பயம் நியாயமான பயம்தான். ஆனால் நன்றாக வளர்கிற கிராசிலேரியா கொத்து தீனிக்குப் போட்டி போட்டு அதை அடக்கி வைக்கும். வளர்ச்சி நின்றுபோன கிளைகளின் மேல்தான் வேறு பாசி வந்து உட்காரும். இரண்டு சத்தும் தரைதட்டிய தொட்டியில்தான் டைனோ என்கிற, குமிழோடு கூடிய அந்தப் பழுப்புக் கோழை வரும். அது ஹேர் ஆல்கேயைவிடப் பல மடங்கு தொல்லை.

எனவே ஜிஎஃப்ஓவை இன்றே கழற்றுங்கள். ஸ்கிம்மர் இருக்கட்டும், காற்றைக் கலந்துவிடுவதால் அதற்கு வேறு பயன் உண்டு. விளக்கை 9 மணி நேரம் ஆக்குங்கள், பலத்தைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தலைகீழாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும். நீல எல்இடியைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்த ஒளியில் செம்பாசி நன்றாகவே வளரும். வெள்ளையைக் கூட்டினால் நம் கண்ணுக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஹாலிமீனியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் இலை அகலமானது, மெல்லியது. மேலே தூசு உட்கார்ந்தால் அந்த இடத்தில் அழுகல் தொடங்கிவிடும். ஓட்டை விழுந்த இலையைக் கூர்மையான கத்தரியால், கெட்ட பகுதிக்கு ஒரு விரல் தள்ளி, நல்ல திசுவில் வெட்டுங்கள். கெட்டதைத் தொட்டியில் விடாதீர்கள். வெட்டிய நல்ல துண்டைச் சின்னக் கல்லில் சூப்பர் க்ளூ ஜெல் வைத்து ஒட்டி, நீரோட்டம் இலையின் இரு பக்கமும் தடவிப் போகிற இடத்தில் வையுங்கள். இலை எப்போதும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். மடிந்து மடிந்து ஒரே இடத்தில் அடிவாங்கக் கூடாது. இந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஹாலிமீனியாவில் பாதி வேலை. மற்ற பாசிகளைப் போலவே இதற்கும் வேர் போலப் பிடிமானம் மட்டும் இருந்தால் போதும், சத்தை உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும்.

---

உப்புத்தண்ணி:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி அக்கா. எடுத்துப் பார்த்தேன். கிராசிலேரியா உள்பக்கமும் அதே வைக்கோல் நிறம், வளைத்தால் டக்கென்று ஒடிகிறது. நீங்கள் சொன்ன பசிதான். ஹாலிமீனியாவில் இரண்டு இடம் ஆரஞ்சாகிக் கூழாக இருந்தது, வெட்டிவிட்டேன். ஜிஎஃப்ஓவையும் கழற்றியாயிற்று.

இப்போது இரண்டு சந்தேகம். நைட்ரேட்டை ஏற்ற மீனுக்குத் தீனியைக் கூட்டினால் போதுமா, தனியாக எதையாவது கரைத்து ஊற்ற வேண்டுமா? எவ்வளவு?

அப்புறம், கிராசிலேரியாவைக் கிளறும்போது அடியில் பஞ்சு உருண்டை மாதிரி ரோஸ் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மிக மெல்லிய நூல்கள். பார்க்க அழகாக இருக்கிறது. இதுவும் செம்பாசியின் குட்டியா, விட்டுவிடலாமா?

---

கடலடித்தோட்டம்:

பஞ்சு உருண்டைக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். விட்டுவிடாதீர்கள், அழகைப் பார்த்து ஏமாற வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது பெரும்பாலும் அஸ்பாரகாப்சிஸ் என்கிற செம்பாசியின் இன்னொரு பருவம். இந்தப் பாசிக்கு வாழ்க்கையில் இரண்டு உருவம். ஒன்று இறகு போல நிமிர்ந்து வளர்வது, மற்றது இந்த ரோஸ் பஞ்சு. இரண்டும் கொஞ்சமும் ஒத்துப்போகாததால் முன்பு பஞ்சுப் பருவத்தைத் தனி இனம் என்று நினைத்து ஃபால்கன்பெர்கியா என்று பெயரே வைத்திருந்தார்கள். மாட்டின் வயிற்றில் மீத்தேன் உருவாவதைக் குறைக்கத் தீவனத்தில் கலந்து பார்க்கிறார்களே, அதே பாசிதான். அதற்குக் காரணமான புரோமோஃபார்ம் என்ற வேதிப்பொருளால் பல உயிர்கள் இதைத் தின்னாது. தொட்டியில் ஒரு துணுக்கு விட்டாலும் அதிலிருந்து மறுபடி வளரும்.

எடுக்கும்போது தொட்டிக்குள்ளேயே பிய்க்காதீர்கள். அந்தக் கிளையை அப்படியே வெட்டி, மெதுவாக வெளியே கொண்டுவந்து, ஒரு வாளித் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். சுத்தமான கிளைகள் இருந்தால் அவற்றை மட்டும் திருப்பிப் போடுங்கள், பஞ்சு சுற்றிக்கொண்ட கிளையை எறிந்துவிடுங்கள். பாறையில் ஒட்டியிருந்தால் சின்னக் குழாய் வைத்து உறிஞ்சிக்கொண்டே சுரண்டுங்கள், துணுக்கெல்லாம் குழாயோடு வெளியே போய்விடும்.

இனி தீனி. மீனுக்குக் கூட்டிப் போடுவதால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்தேதான் ஏறும். பாசி நைட்ரேட்டை அதிகமாக எடுக்கும் என்பதால் கடைசியில் பாஸ்பேட் மட்டும் குவியும். உங்களுக்கு இருப்பதும் இரண்டே மீன். கரைத்து ஊற்றுவதுதான் நல்லது. சோடியம் நைட்ரேட் நான் பயன்படுத்துவது. அதில் எடைக்கு 73 சதவீதம் நைட்ரேட். உங்கள் 160 லிட்டரை 5 பிபிஎம் (லிட்டருக்கு 5 மில்லிகிராம்) ஏற்ற 800 மில்லிகிராம் நைட்ரேட் வேண்டும், அதற்கு 1.1 கிராம் சோடியம் நைட்ரேட். பொட்டாசியம் நைட்ரேட்தான் கிடைக்கிறது என்றால் 1.3 கிராம், அதில் 61 சதவீதம்தான் நைட்ரேட். இதை ஒரே நாளில் ஊற்றாதீர்கள். பூஜ்யத்தில் இருந்து வருகிறவர் நாளைக்கு 1 பிபிஎம் என்று ஏற்றினால் போதும், அதாவது மேலே சொன்னதில் ஐந்தில் ஒரு பங்கு. தினமும் சோதித்துப் பாருங்கள். முதலில் ஊற்றுவது எதுவும் டெஸ்ட் கிட்டில் தெரியாது, பட்டினி கிடந்த பாசி உடனே உறிஞ்சிவிடும். பயந்து அளவை இரட்டிப்பாக்கிவிட வேண்டாம்.

பாஸ்பேட் 0.01 என்பதும் போதாது. ஜிஎஃப்ஓ போனதே அதைக் கொஞ்சம் ஏற்றும், அதனால் ஒரு வாரம் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். தேவைப்பட்டால் மோனோபொட்டாசியம் பாஸ்பேட் 1.15 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 மில்லி ஊற்றினால் உங்கள் தொட்டியில் 0.05 ஏறும். இவ்வளவு சின்ன அளவை நேராக எடை போட முடியாது, கரைசலாக வைத்தால்தான் சரிவரும். உணவுத் தரம் அல்லது ஆய்வகத் தரப் பொடி என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். வயலுக்குப் போடுகிற உரத்தில் செம்பு கலந்திருக்கலாம், செம்பு நத்தைக்கும் பாசிக்கும் எமன்.

இரும்பும் வேண்டும். கடல்நீரில் இரும்பு சட்டென்று துருவாகிப் படிந்துவிடும், அதனால் இடிடிஏ போன்றவற்றோடு பிணைத்த இரும்பாக இருக்க வேண்டும். அதில் கை தாராளமாகப் போக வேண்டாம், நைட்ரேட் நிலைப்பட்ட பிறகு யோசித்தால் போதும்.

---

அலைவீடு:

நல்ல பதிவு. ஒன்று சேர்க்கிறேன். பின்னால் டேங் மீன் விடலாம் என்று ஆசை வந்தால் கிராசிலேரியாவை மறந்துவிடுங்கள், அதற்கு அதுதான் முதல் தீனி. முயல்மீனும் அப்படியே. எமரால்டு நண்டு பச்சைக் குமிழ்ப் பாசியைத் தின்னும் என்று வாங்குவார்கள், சிவப்புத் திராட்சையிலும் கைவைக்கும்.

அக்காவிடம் ஒரு கேள்வி. கொத்துக்குள் ஆம்ஃபிபாட் என்கிற இறால் போன்ற குட்டிப் பூச்சிகள் ஏராளமாகத் திரிகின்றன. அவை பாசியைக் கடித்துக் குதறுமா? எனக்கு அவற்றைப் பிடித்து வெளியேற்றத் தோன்றுகிறது.

---

கடலடித்தோட்டம்:

வெளியேற்றாதீர்கள். பெரும்பாலும் அவை கிளையின் மேல் படிகிற டயாட்டம் என்ற நுண்பாசிப் படலத்தையும் அழுகிய திசுவையும்தான் மேய்கின்றன. கிளை விறைப்பாகவும் நிறமாகவும் இருக்கும்வரை அவற்றால் சேதம் வந்து நான் பார்த்ததில்லை. சத்தில்லாமல் தளர்ந்த கொத்தில் மென்ற தடம் தெரிந்தால், பழியைப் பூச்சியின் மேல் போடுவதற்கு முன் நைட்ரேட்டைச் சோதியுங்கள்.

இந்தச் சின்னஞ்சிறு உயிர்கள் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. செம்பாசியின் ஆண் விந்தணுவுக்கு நீந்தும் வால் கிடையாது. அதனால் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் உண்டு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில், இடோட்டியா என்ற ஓடுடைய சிறு பிராணி கிராசிலேரியா கிராசிலிஸ் கிளைகளில் ஊர்ந்து போகும்போது விந்தணுவை உடம்பில் ஒட்டிக்கொண்டு பெண் பாசிக்குக் கொண்டு சேர்ப்பதைக் காட்டினார்கள். பூவுக்கு வண்டு செய்கிற வேலையைக் கடலுக்கடியில் இது செய்கிறது. போகிற போக்கில் கிளை மேல் இருந்த டயாட்டத்தையும் தின்றுவிடுகிறது. உங்கள் ஆம்ஃபிபாட் வேறு குடும்பம், அதுவும் இதைச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிளையைத் துடைத்து வைக்கிற வேலைக்காகவாவது இருக்கட்டும்.

---

உப்புத்தண்ணி:

பஞ்சுக் கிளைகளை வெட்டி எடுத்துவிட்டேன். நைட்ரேட் இப்போது 4இல் நிற்கிறது. கிராசிலேரியாவின் பழைய பகுதி இன்னும் மங்கலாகவே இருக்கிறது, ஆனால் நுனிகளில் நகக்கண் அளவுக்குக் கருஞ்சிவப்பு ஏறியிருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பழைய திசுவுக்கும் புதியதுக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி தெரிகிறது. ஹாலிமீனியா துண்டுகளில் ஒன்று கரைந்துவிட்டது, இரண்டு நன்றாக இருக்கின்றன. பழைய வைக்கோல் பகுதியை வெட்டிவிட வேண்டுமா?

---

கடலடித்தோட்டம்:

இப்போது வெட்டாதீர்கள். அந்தப் பகுதியும் ஒளியைப் பிடித்து நுனிக்கு உதவிக்கொண்டிருக்கிறது, நைட்ரஜன் கிடைத்தால் அதுவே மறுபடி சிவக்கும். கொத்து பெரிதாகி உள்ளே நீரோட்டம் போகாமல் தூசு அடையத் தொடங்கும்போது வெட்டுங்கள். அப்போது மங்கலாக, மெலிந்து இருக்கும் நடுப்பகுதியை எடுத்துவிட்டு, சிவந்த நுனித் துண்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரேட் 8 வரை போகட்டும், அங்கே நிறுத்திப் பாருங்கள். வளர்ச்சி கூடக் கூடத் தினசரி செலவும் கூடும், அதனால் ஊற்றுகிற அளவை டெஸ்ட் கிட்டைப் பார்த்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஆல்கலினிட்டியையும் வாரம் ஒருமுறை பாருங்கள், பாறையில் சுண்ணாம்பு ஓடு கட்டும் கோரலின் பாசி படர ஆரம்பித்தால் அதுவும் இறங்கும்.